ஈரக் காற்றில் காயும் கிட்டார்

வீட்டில் செய்த பேஸ் கிட்டாருக்கு வர்ணம் பூசுவது, அதைச் செய்வதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. மரம், உலோகம், பூச்சு பற்றிய பழைய பாடங்கள் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் நிறைய உண்டு.

ஹூக்ளி நதிக்கரையில், கொல்கத்தாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்டன் ரீச். கப்பல்துறையும் தையல் கூடங்களும் நெருக்கியடிக்கும் பேட்டை. 1884ல் தொடங்கி 1960ல் மத்திய அரசின் கைக்கு வந்த கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம், 1961ல் ஐ.என்.எஸ். அஜய் என்ற போர்க்கப்பலைக் கடற்படைக்குக் கொடுத்தது. துருவுக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராக எதை, எப்போது, எத்தனை முறை பூசுவது என்பது இந்த நதிக்கரையில் அன்றாடப் பிழைப்பு சார்ந்த கேள்வி.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் சொந்தமாக பேஸ் கிட்டார் செய்ய உட்கார்ந்தால் அவருக்கும் அதே கேள்விதான். நாலு கம்பிகள், 34 அங்குல நாதநீளம், காந்தச் சுருள் கொண்ட பிக்கப். இவற்றை வாங்கிவிடலாம். மரத்தை அறுத்து, இழைத்து, உடலுக்கு வடிவம் கொடுக்க நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அதன்பின் வருகிற பூச்சு வேலையில்தான் பலருடைய கிட்டார் கெட்டுப்போகிறது. அல்லது பாதியில் பரணுக்குப் போய்விடுகிறது.

இசைக்கருவியின் மேற்பரப்பை மாற்றிப் பார்ப்பது இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. 1856ல் ஆங்கிலேயர் அவத் ராஜ்யத்தைப் பறித்துக்கொண்டபின் கல்கத்தா வந்த நவாப் வாஜித் அலி ஷா, கார்டன் ரீச்சின் மெட்டியாபுரூஸில் தங்கி, அங்கே ஒரு சின்ன லக்னோவையே உருவாக்கினார். 1887ல் இறக்கும்வரை பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நியாமதுல்லா கான். ஆப்கானிய ரபாபின் மரப்பலகைக்குப் பதிலாக உலோகத் தகட்டையும், நரம்புக்குப் பதிலாக உலோகக் கம்பியையும் பொருத்தி, இன்றைய சரோதுக்கு வழிவகுத்தவர் அவரே என்பது அவருடைய வம்சத்தாரின் கூற்று. வேறு சரோத் குடும்பங்களும் அந்தப் பெருமைக்கு உரிமை கோருகின்றன. யார் செய்திருந்தாலும் விளைவு ஒன்றுதான்: விரல் வழுக்கிச் செல்ல ஒரு பளிங்குத் தரை கிடைத்தது, இழைந்து வரும் நாதம் நீண்டு நின்றது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இதே சிக்கலைச் சந்தித்தார் ஜாக்கோ பாஸ்டோரியஸ். தன்னுடைய 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் இருந்து மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு வாசித்தார் அவர். உலோகச் சுற்றுக் கம்பிகள் மரப்பலகையை அரித்தன. அவர் நாடியது இசைக்கருவிக் கடையை அல்ல. படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை. பல தடவை பூசிக் கெட்டிப்படுத்திய அந்தப் பலகையிலிருந்து எழுந்த, பாடுவது போன்ற ஒலியை அவருடைய 1976 இசைத்தட்டில் கேட்கலாம். படகுத்துறையின் பூச்சு பேஸ் கிட்டாரின் குரலையே மாற்றியது.

விரல் படும் இடத்தில் பூச்சு ஒலியை மாற்றும். உடலில் பூசும் வர்ணத்தின் கதை வேறு. மின்சார பேஸில் ஒலியைப் பிடிப்பது கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. உடல் நீலமா சிவப்பா என்பது காந்தத்துக்குத் தெரியாது. வியர்வையையும் ஈரத்தையும் மரத்துக்குள் விடாமல் காப்பதுதான் உடல் பூச்சின் முதல் கடமை. அழகு அதற்கு அப்புறம்.

லியோ ஃபெண்டர் 1951ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் பின்னாளில் கார் வர்ணங்களும் பயன்பட்டன. ஃபியெஸ்டா ரெட், ஃபோர்டு காரின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூ, காடிலாக்கின் நிறம். ட்யூபான்ட் கம்பெனியின் 'டூகோ' என்ற கார் பூச்சின் பெயர்தான் நம் ஊர் பட்டறைகளிலும் பீரோவுக்கும் காருக்கும் அடிக்கும் வர்ணத்தின் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. அம்பாஸடர் கார்களுக்கு டிங்கரிங் பார்த்த ஒரு பெயின்டருக்கு பேஸ் கிட்டாரின் உடல் ஒரு சின்ன பானட்தான்.

வேலை உப்புத்தாளில் தொடங்குகிறது. 80 நம்பரில் ஆரம்பித்து 120, 180, 240 என்று ஏறி 320ல் முடிக்க வேண்டும். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் படுத்துக்கிடக்கும் நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்தபின் அவற்றையும் தேய்த்துவிட வேண்டும். தேக்கும் மகோகனியும் துளைகள் நிறைந்த மரங்கள். பட்டி வைத்து அடைக்காவிட்டால் எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலவே இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசையும் உண்டு. தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுப் பூசினால்தான் வர்ணம் பிடிக்கும்.

கழுத்து வந்து உட்காரும் பள்ளத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். பூச்சின் கனம் அங்கே ஏறினால் கழுத்து சரியாக இறங்காது. பிக்கப் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த் கொடுத்தால், டியூப் லைட்டும் மோட்டாரும் கிளப்பும் இரைச்சல் குறையும். பிறகு சீலர், பிரைமர், வர்ணம், கடைசியாக நிறமற்ற வார்னிஷ். எல்லாமே மெல்லிய கோட்டிங்குகள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்து நிற்கும்.

இங்கேதான் கார்டன் ரீச்சின் காற்று குறுக்கிடுகிறது. நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து பால் போன்ற வெண்படலமாகிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹூக்ளிக் கரையில் இந்த ஆபத்து அதிகம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்து சமாளிக்கலாம். அதைவிடச் சுலபம், மழை ஓய்வதற்குக் காத்திருப்பது. கப்பல்துறையிலும் இதே விதிதான்: ஈர இரும்பின்மேல் பெயின்ட் நிற்காது.

பூசி முடித்தபின்னும் அவசரம் ஆகாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வகை வர்ணம் உள்வரை இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பரிசோதனைக்குக் கருவி வேண்டாம், மூக்கே போதும். தின்னர் வாசனை அடிக்கும்வரை வர்ணம் காயவில்லை. அதன்பின் 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் பளபளப்பு வரும். ஓரங்களில் பூச்சு மெல்லியது, அங்கே கை அழுந்தினால் மரம் எட்டிப்பார்க்கும். ஸ்க்ரூ ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, சுற்றியுள்ள பூச்சு வெடிக்கும்.

கிட்டாரைவிட முக்கியமானது அதைச் செய்கிறவரின் நுரையீரல். கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு சீக்கிரம் இறுகும், கண்ணாடி போல மின்னும். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. காற்றோட்டமில்லாத ஒண்டுக்குடித்தன அறையில், பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிய, இதை ஸ்ப்ரே செய்வது கிட்டாருக்காகக் கொடுக்கக்கூடிய விலை அல்ல. பழைய கதவையோ கட்டிலையோ அறுத்து உடல் செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த மரத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

பழைய மரம் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, 1963ல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கியபோது, கழுத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். பிளாஸ்டிக் பூச்சைக் கையால் பூசித் தேய்த்தே மெருகேற்றினார்கள்.

ஸ்ப்ரே துப்பாக்கியும் கம்ப்ரஸரும் இல்லாத கொல்கத்தாக்காரருக்கும் கையால் பூசும் வழி ஒன்று உண்டு: அரக்கு. புரசு, இலந்தை மரங்களில் வாழும் பூச்சி சுரக்கும் இந்தப் பிசின், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் ஜார்க்கண்டிலும் விளைவது. ஒரு காலத்தில் டம்டம் ஆலையில் தயாரான 78 சுற்று இசைத்தட்டுகளுக்கு மூலப்பொருள் இதுதான். ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தோய்த்து, மரத்தின்மேல் இழைத்தால் சில நிமிடங்களில் காயும். சிதாரின் மினுமினுப்பு பெரும்பாலும் இந்த பாலிஷ்தான். தின்னர் நெடி கிடையாது; ஆனால் ஸ்பிரிட்டும் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே கூடாது. குறைகளும் உண்டு. சூடும் வியர்வையும் தடம் பதிக்கும், மழைநாளில் இதுவும் வெளுக்கும். ஆனால் ஸ்பிரிட் தொட்ட துணியால் மறுபடி இழைத்தால் பழுது மறைந்துவிடும். இறுகிப்போன பாலியூரித்தேனில் அது நடக்காது.

வீணை வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தத் தத்துவம் பழக்கமானது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகினால் திரும்பவும் மேளம் கட்டிக்கொள்கிறோம். அதற்காக யாரும் வீணையைக் குறை சொல்வதில்லை. பராமரிக்கக்கூடிய வாத்தியம் தலைமுறைகளைத் தாண்டுகிறது.

கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கிட்டாரின் பளபளப்பை வீட்டு வராந்தாவில் கொண்டுவரத் துடிப்பதுதான் பலரைத் தோற்கடிக்கிறது. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் தூசி புகாத அறையும் ஈரத்தை அளக்கும் கருவியும் இருக்கின்றன. வீட்டுக்காரரிடம் இருப்பது நாட்கள். கார்டன் ரீச்சில் ஒருவர் இந்த ஆடியில் மரத்தை அறுக்கத் தொடங்கினால், மழை கொட்டும் மாதங்களில் வடிவம் கொடுக்கலாம், மெட்டுகளைப் பதிக்கலாம், குழிகளைத் தோண்டலாம். வர்ண டப்பாவை மட்டும் துர்கா பூஜை முடிந்து வாடைக்காற்று வீசும்வரை திறக்காமல் வைத்திருக்க வேண்டும்.