எல்லாம் எல்லோருக்கும் சொந்தம், வெளியே போகிறவருக்கு?

பன்றிகளுக்கான தீவனத் தொட்டி ஒன்றை முதலில் வடிவமைத்தது யார் என்ற சண்டை, கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. சண்டையிட்டவர்களோ, சகோதரர்களுக்குள் வழக்கு வந்தால் கோர்ட் படி ஏறக்கூடாது என்ற பவுலின் போதனையை வழிவழியாகப் பின்பற்றி வந்தவர்கள்.

ஹட்டரைட்டுகள் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு. 1536இல் இன்ஸ்புருக் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட யாக்கோபு ஹட்டரின் பெயரால் அறியப்படுகிறார்கள். ஆதித் திருச்சபையார் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறதே, அப்படியே வாழ்வதுதான் இவர்களுடைய விசுவாசம். ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, ரஷ்யாவில் ஒரு நூற்றாண்டு தங்கி, 1870களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவுக்கு வந்தார்கள். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்ததால் அங்கும் நெருக்கடி. 1918இல் பலரும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஒரு குடியிருப்பில் நூறு பேர் அளவில் இருப்பார்கள். நிலம், டிராக்டர், பண்ணை, வங்கிக் கணக்கு எதுவும் தனி ஆள் பெயரில் இருக்காது. சமையல் ஒரே அடுக்களை, சாப்பாடு பொதுக் கூடம். உழைப்புக்குச் சம்பளம் இல்லை. சாகும்வரை சோறும் துணியும் கூரையும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற ஆண்களுக்குத்தான் ஓட்டு. உடன்படிக்கையில் ஒரு விதி கண்டிப்பாக இருக்கும்: தானாக விலகினாலும் விலக்கப்பட்டாலும் சொத்தில் பங்கு கேட்க முடியாது. அதாவது ஐம்பது வயதில் வெளியேற்றப்படுகிறவர் வீடு, வேலை, உறவு, முதுமைக்கான ஆதரவு எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறார்.

இந்த விதி சோதனைக்கு வந்தது மனிடோபா மாகாணத்தின் இன்டர்லேக் குடியிருப்பில். அங்கே சிலர் 'ரேடியோ சர்ச் ஆஃப் காட்' என்ற வேறொரு சபையின் கொள்கைக்கு மாறினார்கள். குடியிருப்பு அவர்களை நீக்கியது. 'இத்தனை வருடம் உழைத்திருக்கிறோம். குடியிருப்பைக் கலைத்து எங்கள் பங்கைக் கொடுங்கள்' என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1970இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஹட்டரைட்டுகளுக்கு விவசாயமும் வழிபாடும் வேறு வேறல்ல. தெரிந்தே ஒப்புக்கொண்ட விதி அவர்களைக் கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பு. நீதிபதி பிஜோன் மட்டும் உடன்படவில்லை. மதச் சுதந்திரம் என்றால் மதம் மாறும் சுதந்திரமும் சேர்ந்ததுதானே, மாறினால் சொத்து போய்விடும் என்றால் அது என்ன சுதந்திரம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அடுத்து வந்ததுதான் தீவனத் தொட்டி வழக்கு. லேக்சைடு குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர், அந்தத் தொட்டி தன் கண்டுபிடிப்பு என்றார். காப்புரிமை பெற்றிருந்ததோ கிரிஸ்டல் ஸ்பிரிங் என்ற இன்னொரு ஹட்டரைட் குடியிருப்பு. தொட்டி செய்வதை நிறுத்தி நட்டஈடு தரச்சொல்லி லேக்சைடுக்கு வக்கீல் கடிதம் வந்தது. குடியிருப்பு பணிந்தது; அவர் பணியவில்லை. 1987 ஜனவரியில் கூடிய கூட்டம், மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று அவருக்குத் தண்டனை விதித்தது. அவர் அதை ஏற்க மறுத்ததும், 'நீயே உன்னை விலக்கிக்கொண்டாய்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு அவரையும் அவருடைய மகன்கள் உள்ளிட்டோரையும் நிலத்தை விட்டு அகற்ற உத்தரவு கேட்டு, கோர்ட்டுக்குப் போகாத அந்தச் சமூகமே கோர்ட்டுக்குப் போனது.

கீழ்க் கோர்ட்டுகள் இரண்டிலும் குடியிருப்புக்கே வெற்றி. 1992இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. மதக் குழுவில் யார் உறுப்பினர் என்பதில் கோர்ட் அவசரப்பட்டுத் தலையிடாது. ஆனால் சொத்துரிமை அந்தக் கேள்வியைச் சார்ந்திருந்தால் கோர்ட் விசாரித்தே ஆகவேண்டும் என்று எழுதினார் நீதிபதி கோன்தியே. விசாரிப்பது வேதத்தை அல்ல, நடைமுறையை. நீக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்தார்களா, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா, முடிவெடுத்தவர்கள் நடுநிலையாளர்களா என்பவை இயற்கை நீதியின் கேள்விகள். முதல் கேள்வியிலேயே குடியிருப்பு தோற்றது. நீக்கம் செல்லாது என்றானது. அவருக்கு நடப்பது தெரிந்தே இருந்தது என்று மாறுபட்டு எழுதியவர், பின்னாளில் தலைமை நீதிபதியான மெக்லாக்லின் ஒருவரே.

எல்லைக்கு அப்பால் கதையே வேறு. தெற்கு டகோட்டாவின் ஹட்டர்வில் குடியிருப்பு இரண்டு அணியாக உடைந்தது. கீழ்க் கோர்ட் அதைக் கலைத்துவிட உத்தரவிட்டது. 2012இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. எந்த அணி உண்மையான சபை என்று சொல்லாமல் சொத்து யாருடையது என்று சொல்ல முடியாது; அதைச் சொல்ல மதச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் கோர்ட்டை விடாது என்பது காரணம்.

கனடாவும் எல்லையில்லாமல் உள்ளே நுழைந்துவிடவில்லை. கால்கரியில் யெகோவாவின் சாட்சிகள் சபையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், சபையாரை நம்பி நடத்திய தன் ரியல் எஸ்டேட் தொழில் படுத்துவிட்டது என்று வழக்குத் தொடர்ந்தார். சட்டப்படியான உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. உறுப்பினராக இருப்பதாலேயே ஒப்பந்தம் பிறந்துவிடாது என்று 2021இல் இன்னொரு சபை வழக்கில் கூறியது.

அமெரிக்கத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. சபையின் உபதேசம் சரியா என்று நீதிபதி சொல்லத் தொடங்கினால் விபரீதம்தான். ஆனால் கோர்ட் ஒதுங்கிக்கொண்டால், செக் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் வைத்திருக்கிற அணி தீர்ப்பில்லாமலே ஜெயித்துவிடுகிறது. விசுவாசத்தைத் தொடாமல் நடைமுறையை மட்டும் பார்க்கும் கனடாவின் வழி இதைவிட மேல். பொதுச் சொத்து வைத்திருக்கும் எந்த மதக் குழுவும் நீக்க நோட்டீஸ் எத்தனை நாள், விசாரிப்பது யார், வெளியேறுகிறவருக்குக் கைச்செலவுக்கு என்ன தருவது என்ற மூன்றையும் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்துவிட்டால், நீதிபதி தலையிட வேண்டிய சந்தர்ப்பம் பெரும்பாலும் வராது.