ஒற்றைக் கயிற்றால் மரமேறுதல்

புளி, மா முதலிய பெருமரங்களில் கிளை கழிக்க ஆட்களை ஏற்றும் மிராசுதாரர்கள், கயிறு உறுதியாயிருந்தாற் போதுமென எண்ணுகின்றனர். அதைத் தாங்கும் கிளைக் கவையைச் சோதிப்பதும் அவசியமாகும்.

ஈயமணி நிரப்பிய சிறு பையை மெல்லிய நூற்கயிற்றில் கட்டிக் கவையின்மேல் எறிந்து, அதன் வழியே ஏறுகயிற்றை இழுத்துப் போடவேண்டும். அக்கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் கனமுள்ளதாயும், பாரத்தில் அதிகம் நீளாததாயும் இருத்தல் நன்று.

ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறுபக்கத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறுவாராயின், இருபக்கக் கயிறும் கீழ்நோக்கி இழுக்குமாதலால், கவையின்மேல் ஏறக்குறைய 140 கிலோ பாரம் விழும். உராய்வினால் இது சற்றுக் குறையலாம். குலுங்கி ஏறினால் மிகும். ஆகையால், முதலில் இருவர் சேர்ந்து தரையருகே கயிற்றில் தொங்கிப் பார்த்தல் வேண்டும். பட்டுப்போன கிளையிலும், பொந்துள்ள கிளையிலும், முருங்கை, இலவு போன்ற எளிதில் முறியும் மரங்களிலும் கயிறு போடலாகாது. கயிற்றைக் கவையிலேயே சுருக்கிட்டுக் கட்டினால் ஏறுபவரின் பாரம் மட்டுமே விழும்.

இடுப்பையும் தொடைகளையும் தழுவும் பட்டை அணிந்து, கயிற்றைக் கவ்வும் ஏறுபிடியால் மேற்செல்பவர், வெட்டத் தொடங்குமுன் வேறொரு பட்டையாலும் தம்மை மரத்தோடு பிணைத்துக்கொள்க. அடிமரத்துக் கயிற்றினருகே அரிவாளோ ரம்பமோ செல்லாதிருக்கட்டும். அதை அறுப்பது ஏறியவரைத் தள்ளுவதற்கொப்பாகும்.

இச்சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். விழுந்தவருடைய குடும்பத்தின் நஷ்டத்தையோ எந்த மகசூலாலும் ஈடுசெய்ய இயலாது.