உளுந்தும் பாசிப்பயறும் கலந்தால்

பிசான நெல் அறுவடையாகும் தறுவாயில், வயலின் ஈரத்தை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது தாமிரபரணிப் பாசனத்தில் பழகிய வழக்கம். அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், வியாபாரி ஒருவர் ‘வீரிய ஒட்டு உளுந்து’ என்று கூறி இரட்டை விலைக்கு விதை விற்றுச் சென்றதாக அங்கத்தினர்கள் தெரிவித்தார்கள். அதிலிருந்து அடுத்த போகத்திற்கு விதை எடுத்து வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

உளுந்தில் வீரிய ஒட்டு விதை இன்றுவரை விற்பனைக்கு வந்ததே இல்லை. உளுந்தின் பூ மலருமுன்னரே தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதைக் கலப்புச் செய்யப் பூப்பூவாகக் கையால் மகரந்தப் பைகளைக் களைய வேண்டும். அதில் கிடைப்பவை சில மணிகளே.

உளுந்தைப் பாசிப்பயற்றோடு கலக்க முயன்றவர்கள் உண்டு. பாசிப்பயற்றைப் பீடிக்கும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் குணத்தையும், காய் வெடித்துச் சிதறாத தன்மையையும் உளுந்திலிருந்து பெறுவதே நோக்கம். எஸ். டானா என்னும் அறிஞர் 1966-இல் இக்கலப்பை ஆராய்ந்து எழுதினார். பாசிப்பயறு தாயாக இருந்தால் சில விதைகள் தேறும். உளுந்து தாயானால் பெரும்பாலும் தேறாது. தேறிய செடியும் பூக்குமேயன்றி, மகரந்தத்தில் பெரும்பகுதி பதராகவே இருக்கும்.

ஏன்? இரண்டு பயிருக்கும் உயிரணுவில் 22 குரோமோசோம்கள், அதாவது குணங்களைச் சுமக்கும் 22 இழைகள் உண்டு. மகரந்தம் உருவாகும்போது இவ்வெண்ணிக்கை பாதியாகக் குறைய வேண்டும். இதுவே குன்றல் பகுப்பு. அப்போது தாய்வழி இழை ஒவ்வொன்றும் தந்தைவழி இணையைத் தேடி ஒட்டி நின்று, பின் பிரிந்து, மகரந்தத்துக்கு 11 வீதம் செல்லும். நெசவாளர்கள் பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒன்றுக்கு ஒன்றாக முடிவதை எண்ணிப் பார்க்கலாம். கலப்புச் செடியிலோ இழைகள் ஒரே வரிசையில் இல்லை. நெடுங்காலம் பிரிந்து வளர்ந்ததில், ஓர் இழையின் துண்டு வேறோர் இழையில் ஏறியிருக்கும். ஆகவே நான்கு இழைகள் ஒன்றாகக் கோத்து வளையமாகின்றன; சில இணையின்றித் தனித்து நிற்கின்றன; சில பின்தங்கி எப்பக்கமும் சேராமல் போகின்றன. ஒரு மகரந்தத்தில் குறைவும் மற்றொன்றில் மிகையுமாகப் பங்கீடு குலைந்தால் விதை ஏது?

நம் கண்வலிக் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்னும் நஞ்சைக் கொண்டு இழைகளை 44 ஆக இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்து, மலடு பெரிதும் நீங்குகிறது. ஆயினும் அச்செடி உளுந்துமன்று, பாசிப்பயறுமன்று. கலப்புச் செடியைத் தாய்ப்பயிரோடு மீண்டும் மீண்டும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதே பயன்தரும் வழி. பந்த் மூங் 4 என்னும் பாசிப்பயற்றின் வமிசத்தில் உளுந்தும் உண்டு.

இப்படிப் பல தலைமுறை தேர்ந்து நிலைபெற்ற இரகங்களே வம்பன் ஆராய்ச்சி நிலையத்து உளுந்துகள். அவற்றில் கலப்பின்றி விதை எடுத்து வைக்கலாம். சில போகங்களுக்கொருமுறை புதுப்பித்தால் போதும். துவரை மட்டும் வேறு. அதில் 1991-இல் ஐ.சி.பி.எச். 8 என்னும் வீரிய ஒட்டு வெளிவந்தது. அத்தகைய விதையை ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும்.

உளுந்து வாங்குவோர் மூட்டையில் சான்று விதைக்குரிய நீல அட்டை உள்ளதா, அதில் இரகத்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ளனவா என்று பார்த்து, இரசீதும் பெற்றுக்கொள்க.