சாவிக் கொத்தும் சல்லடையும்

கல்லூரி லைப்ரேரியன் என்றதும் நம் மனக்கண் முன் யார் வந்து நிற்கிறார்? மூக்குக் கண்ணாடி, கையில் சாவிக் கொத்து, "உஸ்! சத்தம் போடாதீர்கள்!" என்ற அதட்டல். இவ்வளவுதானே? "எல்லாந்தான் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, இனி அவருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் பலர்.

அந்தச் சந்தேகம் ஒரு பெரிய மனிதருக்கே வந்ததுண்டு. 1924-ஆம் ஆண்டு, கணித ஆசிரியராயிருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைச் சர்வகலாசாலையின் லைப்ரேரியன் ஆனார். ஒரு சில நாளிலேயே தனிமை பொறுக்காமல், பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னாராம். முதலில் லண்டனுக்குப் போய் இத்தொழிலைப் படித்து வரட்டும், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று முடிவாயிற்று. போனார், படித்தார், பார்த்தார். வந்தவர் சுமார் இருபது வருஷம் அந்த நாற்காலியை விடவில்லை!

1931-இல் அவர் உலகுக்கு அளித்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் உபயோகத்துக்கே என்பது. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. முதல் விதி சாவிக் கொத்துக்கு விடை கொடுத்தது. நாலாவது விதிக்குத்தான் இப்போது சோதனைக் காலம்.

2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால், அரசாங்கக் கல்லூரிகளில் சுமார் 13,000 ஆராய்ச்சிச் சஞ்சிகைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. பஞ்சம் தீர்ந்தது, வந்ததோ வெள்ளம்! அந்த வெள்ளத்துக்கு வெளியே, பணம் கொடுத்தால் எதையும் அச்சேற்றும் போலிச் சஞ்சிகைகள் வேறு. போதாக்குறைக்குச் செயற்கை அறிவு. கேட்ட மாத்திரத்தில் மேற்கோள் பட்டியல் தந்துவிடுகிறது. ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், பக்க எண்ணும் இருக்கும். சில சமயம் கட்டுரை மட்டும் இராது!

அதை நம்பி ஒரு மாணவர் ஆராய்ச்சி ஏட்டில் எழுதிவிட்டால், பல வருஷ உழைப்புக்கும் களங்கந்தான். பிறர் எழுத்தைக் காப்பி அடிப்பதோ இன்னும் ஆபத்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, 60 சதவிகிதத்துக்கு மேல் ஒத்திருந்தால் மாணவரின் பதிவே ரத்தாகும். ஒத்த வரிகளை யந்திரம் எண்ணிச் சொல்லும். அது முறையான மேற்கோளா, திருட்டா என்று யந்திரத்துக்குத் தெரியுமா? அனுபவமுள்ள மனிதர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, இன்றைய லைப்ரேரியன் கையில் இருப்பது சாவியல்ல, சல்லடை. எங்கே தேடுவது, எதை நம்புவது, எப்படிச் சான்று காட்டுவது என்று கற்றுக் கொடுக்கும் ஆசிரியர் அவர். கம்ப்யூட்டர் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, லைப்ரேரியனை நியமிக்கத் தயங்கும் கல்லூரி, மாட்டை வாங்கிவிட்டு மேய்ப்பவன் வேண்டாம் என்பதற்கு ஒப்பாகும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆராய்ச்சி செய்கிறாரா? ஏடு முடிவதற்கு முன், ஆரம்பத்திலேயே ஒரு நடை லைப்ரேரியனிடம் போய் வரச் சொல்லுங்கள். இப்போது அவர் "உஸ்!" என்று அதட்டுவதில்லை. "எங்கே கிடைத்தது இது?" என்றுதான் கேட்பார். பிள்ளையைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு கேள்விதான்!