வளர்ச்சித் தாமதம்: பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் துணை வேண்டும்

ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான், பொறுத்துப் பார்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. சில பிள்ளைகள் பின்னர் சரியாகிவிடலாம். ஆனால் உண்மையிலேயே வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைக்குக் காத்திருப்பது நட்டம். மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான்.

குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், காது கேளாமை, ஆட்டிசம், மரபணு மாற்றம் எனக் காரணங்கள் பல. சில வேளைகளில் காரணமே தெரிவதில்லை. இது தாயின் குற்றமும் அல்ல, கண்ணேறும் அல்ல.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கிடைத்தாலும், மீதி 167 மணி நேரம் பிள்ளை வீட்டார் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஆய்வுகள் இப்போது குடும்பத்தின் பக்கம் திரும்பியுள்ளன.

தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே சென்று, பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார்கள். நிபுணர்கள் கைப்பேசிச் செயலி வழியாக அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். இத்திட்டத்தை ஆராய்ந்தவர்கள் பிள்ளையின் முன்னேற்றத்தை மட்டுமின்றி, பராமரிப்பவரின் மனச்சுமையையும் அளந்தனர். பிள்ளையின் திறன் கூடியதோடு, அந்தச் சுமை குறைந்ததும் பதிவானது.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். பிள்ளை காட்டும் ஆர்வத்துக்கு ஏற்பப் பெற்றோர் பேசப் பழகியதும், பிள்ளை தானாகவே தொடர்பு கொள்வது கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது.

பேராக்கில் இதன் தேவை பெரிது. தோட்டம் இருந்த காலத்தில் ஆயாக்கொட்டகையும் லயத்துப் பாட்டிமாரும் பிள்ளை வளர்ப்பில் பங்கெடுத்தனர். தோட்டம் விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த குடும்பங்களில் பல தாய்மார் தனித்தே சுமக்கின்றனர்.

உதவி இல்லாமல் இல்லை. சுகாதாரக் கிளினிக்கில் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, சந்தேகத்தைத் தாதியிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆட்டிசம் என்றால் நாசோம் சங்கத்துக்கு ஈப்போவிலும் மையம் உண்டு. சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் பி.டி.கே. மையங்கள் 1984இல் திரெங்கானு, பத்து ராகிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியவை. மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் முறையும் அதில் உண்டு. மருத்துவர் உறுதிப்படுத்தினால் ஓ.கே.யூ. அட்டைக்கும் பதியலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது பிள்ளையின் உரிமை.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. குளிப்பாட்டும்போது "கை, கால்" எனப் பெயர் சொல்லலாம். சோறூட்டும்போது "இன்னும் வேணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசலாம்.

உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. "யார் பாவமோ" என்பதை விட்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் கொஞ்சம் தூங்கவாவது முடியும். களைத்துப்போகாத தாயால்தான் மறுநாளும் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட முடியும்.