பணி இடைவெளிப் பயணம்: திருப்பூர்ச் சூழலில்

பணி இடைவெளிப் பயணம் என்பது, சம்பள வேலையில் இருக்கும் ஒருவர் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை வேலையிலிருந்து விலகி, குறைந்த செலவில் பல நாடுகளைத் தொடர்ச்சியாகச் சுற்றிவருவதாகும். முதுகில் சுமக்கும் ஒரே பையுடன் பேருந்து, ரயில், பகிர்வு விடுதி என்று செல்வதால் இது பேக்பேக்கிங் அல்லது முதுகுப்பைப் பயணம் எனப்படுகிறது. பேக்கேஜ் டூரில் செல்பவருக்குத் திரும்பும் நாள் முன்பே தெரியும். அவருடைய நாற்காலியும் அலுவலகத்தில் காத்திருக்கும். இடைவெளிப் பயணிக்கு இந்த இரண்டுமே உறுதியில்லை. திருப்பூர் போன்ற ஏற்றுமதி நகரத்தில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும்.

முன்னோடிகள்

தமிழில் இத்தகைய பயணத்துக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஏ. கே. செட்டியார் (1911-1983). கோட்டையூரில் பிறந்த இவர் ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. படச்சுருள்களைத் தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். படம் 1940இல் வெளியானது. அவரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்வது பொருந்தாது. கையில் ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். ஆனால் நிலையான பதவியைவிட்டு நாடு நாடாகச் சென்றவர் என்ற வகையிலும், பார்த்ததை எளிய தமிழில் எழுதியவர் என்ற வகையிலும், பின்னால் வந்த தமிழ்ப் பயணிகள் எல்லோருக்கும் அவரே முன்மாதிரி.

மேற்குலகில் இப்பழக்கம் பரவியது 1960களில். இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இளைஞர்கள் தரைவழியே வந்தனர். 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்த வழியை மூடின. அதே வழியில் பயணம் செய்த ஓர் இணையர் 1973இல் வெளியிட்ட சிறு கையேட்டிலிருந்துதான் லோன்லி பிளானட் பதிப்பகம் பிறந்தது.

பின்னலாடை அலுவலகத்தின் நாட்காட்டி

திருப்பூரின் ஐரோப்பிய ஏற்றுமதி, 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளரின் வருகையோடு தொடங்கியதாகக் கூறப்படுகிறது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. 2024-25 நிதியாண்டில் இந்நகரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். பனியன் கம்பெனி என்றதும் பவர் டேபிளும் ஓவர்லாக் தையலும்தான் கண்முன் வரும். ஆனால் ஒவ்வொரு ஏற்றுமதி நிறுவனத்துக்கும் பின்னால் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் நடுநாயகம் மெர்ச்சண்டைசர்.

ஒரு ஆர்டர் வந்ததிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும்வரை எல்லாவற்றையும் கோர்த்துப்பிடிப்பது மெர்ச்சண்டைசரின் வேலை. நூல் வாங்குதல், நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு கூரையின் கீழ் ஜாப் ஒர்க்காக நடக்கக்கூடும். சாயத்தின் நிறம் பையருக்குப் பிடிக்காவிட்டால் மறுபடியும் லேப் டிப். சாம்பிள் அளவு தவறினால் மறுபடியும் சாம்பிள். ஒரு கட்டத்தில் நான்கு நாள் தாமதமானால் கடைசியில் கப்பல் தவறும். அப்போது சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவு பெரும்பாலும் உற்பத்தியாளர் தலையில் விழும். சில ஆர்டர்களில் மொத்த லாபத்தையும் அது விழுங்கிவிடும்.

கடிகாரமும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஜெர்மனி நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அங்கே மாலை 5 மணிக்குப் பையர் அனுப்பும் மின்னஞ்சல், இங்கே கோடையில் இரவு எட்டரை மணிக்கு வரும். நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும்போது திருப்பூரில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். தொழிலாளி ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் அதற்குத் தனிக் கூலி உண்டு. மெர்ச்சண்டைசரின் ஒன்றரை ஷிஃப்ட் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிப்போவது வழக்கம்.

ஐரோப்பியக் கோடை ஆடைகளுக்கான ஷிப்மென்ட் நெருக்கடி பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நீளும். குளிர்கால ஆடைகளுக்கான நெருக்கடி ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வரும். இரண்டுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களும் தீபாவளி, பொங்கல் விடுமுறைகளுமே மூச்சுவிடும் நேரம். பையருடன் பேசுவதும் பழைய ஸ்டைல்களின் விவரமும் ஒரே ஆளிடம் இருப்பதால், மூன்று மாத விடுப்பு கேட்பது முதலாளிக்கு ராஜினாமாவாகவே காதில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நகரத்தில் வேலை நின்றுபோவது புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது பல ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. இவை யாரும் கேட்டுப்பெற்ற இடைவெளிகள் அல்ல. வேலை தானாக நின்றதைப் பார்த்துப் பழகிய ஊரில், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை ஒருவர் தாமாக நிறுத்துவது விளங்காத செயலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சட்டம் தரும் விடுப்பு

இந்தியாவில் தனியார் துறை ஊழியருக்கு நீண்ட பயண விடுப்பு சட்ட உரிமையாக இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஊதிய விடுப்பு தந்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு அந்த 240ஐ 180ஆகக் குறைத்தது, விகிதம் மாறவில்லை. 300 நாள் வேலை செய்தால் கிடைப்பது 15 நாள். சேர்த்துவைத்தாலும் அடுத்த ஆண்டுக்கு 30 நாள்வரை மட்டுமே கொண்டுபோகலாம். ஆக, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் காத்திருந்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றரை மாதம்தான். தனிக் கட்டடத்தில் இயங்கும் அலுவலகம் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வந்தால் கணக்கு இன்னும் குறைவு: ஆண்டுக்கு 12 நாள் ஊதிய விடுப்பு, சேர்த்துவைத்தால் 24 நாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, பிரான்சில் ஒரே நிறுவனத்தில் 36 மாதமும் மொத்தம் 6 ஆண்டும் பணியாற்றிய ஊழியர் 6 முதல் 11 மாதம் வரை ஊதியமில்லா விடுப்பு கோரலாம். திரும்பிவந்ததும் அதே வேலையோ இணையான வேலையோ அவருக்குத் தரப்பட வேண்டும். பெல்ஜியம் 1985லேயே பணி இடைவெளித் திட்டத்தைக் கொண்டுவந்தது. திருப்பூரில் தைத்த டி ஷர்ட்டை அங்கே கடையில் விற்பவருக்கு இருக்கும் உரிமை, இங்கே அதைக் கப்பலேற்றியவருக்கு இல்லை.

எனவே இங்கே உள்ளவை இரண்டே வழிகள்: முதலாளியின் சம்மதத்தோடு ஊதியமில்லா விடுப்பு, அல்லது ராஜினாமா. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் மரியாதை சார்ந்ததல்ல, பணம் சார்ந்தது. பணிக்கொடை விதிப்படி, நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு தொடர்பணி முடித்தால் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் வீதம் பணிக்கொடை பெறுவார். மாதம் 20,000 ரூபாய் அடிப்படை ஊதியம் வாங்குபவருக்கு 5 ஆண்டுக்கு இது 57,692 ரூபாய் ஆகும் (20,000-ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 5ஆலும் பெருக்க வேண்டும்). நாலரை ஆண்டில் ராஜினாமா செய்தால் இதை இழக்க நேரிடும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எனவே புறப்படும் தேதியைச் சில வாரம் தள்ளிவைப்பதே சிலருக்கு லாபமாகலாம். அனுமதிபெற்ற விடுப்பு தொடர்பணியை முறிக்காது.

வருங்கால வைப்புநிதியில் பலர் செய்யும் தவறு, பயணச் செலவுக்காக முழுத்தொகையையும் எடுத்துவிடுவது. வேலையின்றி 2 மாதம் கழிந்ததும் முழுத்தொகை எடுக்கலாம் என்ற பழைய விதியை 12 மாதமாக நீட்டிக்க 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. எடுக்காமல் விட்டால் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணி தேவை. இடைவெளிக்கு முந்தைய ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் அதில் சேர்ந்தே எண்ணப்படும். ஆனால் இடையில் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுப்பதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சீட்டும் விசாவும்

திருப்பூர் மாவட்டம் கோவை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. பெரியவர்களுக்கான கடவுச்சீட்டு 10 ஆண்டு செல்லும். 36 பக்கம், 60 பக்கம் என இரண்டு வகை உண்டு. பல நாடு சுற்றுபவருக்கு 60 பக்கமே ஏற்றது. பல நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடி எஞ்சியிருக்க வேண்டும் என்கின்றன.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். பனியன் தொழிலில் இளவயதிலேயே நுழைந்து அலுவலகப் பொறுப்புக்கு உயர்ந்த பலரிடம் இத்தகைய கடவுச்சீட்டு உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வரும் இந்த அனுமதி, மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்க்கானது. சுற்றிப்பார்க்கச் செல்வதற்கு அது தடையல்ல.

விசாவைப் பொறுத்தவரை தென்கிழக்கு ஆசியாவே இந்தியருக்கு எளிய தொடக்கம். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா 2023 டிசம்பர் 1ஆம் நாளும் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தன. மலேசியாவில் 30 நாள் தங்கலாம். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் மின்விசா தருகிறது. இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா பெறலாம். நேபாளத்துக்கு வாக்காளர் அட்டையே போதும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தைப் பார்ப்பது நல்லது.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா வேறு கதை. 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. சம்பளச் சீட்டு, வருமானவரி அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம், விடுப்புக் கடிதம் ஆகியவை கேட்கப்படும். விண்ணப்பதாரர் ஊர் திரும்புவார் என்பதற்கு வேலைதான் முதன்மைச் சான்று. வேலையை விட்டவரிடம் அது இருக்காது. ஊதியமில்லா விடுப்புக்கு முதலாளி தரும் ஒரு பக்கக் கடிதம் இந்த இடத்தில் சேமிப்பைவிட அதிக எடை பெறக்கூடும். தினமும் ஐரோப்பாவுக்கு மின்னஞ்சல் அனுப்பும் மெர்ச்சண்டைசர் பலர், முதல் பயணத்துக்குப் பாங்காக்கையும் கோலாலம்பூரையும் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு காரணம்.

கோவை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேரடி விமானம் உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு செல்லலாம். கோலாலம்பூரில் இறங்கினால் தாய்லாந்துக்குத் தரைவழியே ரயிலில் போக முடியும்.

செலவு

நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 90 நாளுக்கு 2,25,000 ரூபாய். விமானம், விசா, காப்பீடு தனி. மாதம் 30,000 ரூபாய் சம்பளக்காரர் என்றால் வராமல்போகும் சம்பளம் இன்னொரு 90,000. வீட்டுக் கடனோ நகைக்கடனோ உள்ளவர் பயணக் காலத்துக்கான தவணையையும் முன்பே ஒதுக்க வேண்டும். திரும்பி வந்ததும் வேலை தேடும் இரண்டு, மூன்று மாதச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நாணயத்தாளாக 3,000 டாலர்வரை வாங்கிச் செல்லலாம். மீதியை அட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

வீடும் திரும்புதலும்

திருமணமாகாத இளைஞர் கிளம்பினால் வீட்டில் முணுமுணுப்போடு முடியும். அதே வயதுப் பெண் கிளம்பினால் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது. வரன் பார்க்கும் பேச்சுதான் முதலில் எழும். இணையர் சேர்ந்து செல்வதும், அலுவலகத் தோழியர் இருவர் மூவராகக் குறுகிய பயணம் செல்வதும் ஒரு நடுவழி.

திரும்பி வருபவருக்குத் திருப்பூரில் ஒரு சாதகம் உண்டு. பையிங் ஹவுஸ், டிரிம்ஸ் நிறுவனம், ஏற்றுமதி அலுவலகம் எல்லாம் ஒரே ஊரில் நெருங்கியிருப்பதால், வேலை தெரிந்தவரின் பெயர் பேச்சுவழியே பரவும். ஷிப்மென்ட் பருவம் தொடங்கும் நேரத்தில் வருபவர் விரைவில் இடம் பெறுவார். ஆர்டர் இல்லாத மாதத்தில் வருபவர் காத்திருக்க வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வி, எந்த பையரைக் கையாண்டீர்கள் என்பதே. எந்த நாடுகளைப் பார்த்தீர்கள் என்பது, சம்பளம் பேசி முடித்த பிறகு தேநீரோடு வரும்.