மெக்சிகோ பயறுச் சட்டிக்குள் இத்தனை ஆச்சரியமா!

பயறு, தண்ணீர், பாதி வெங்காயம், ஒரு கரண்டி பன்றிக்கொழுப்பு, உப்பு. முடிந்தது சமையல்! மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு அடுப்பேறும் 'ஃப்ரிஹோலெஸ் தெ லா ஓயா' என்ற சட்டிப் பயறுக்கு இந்த ஐந்தே பொருள்கள் போதும். மசாலா கிடையாது, தாளிப்பு கிடையாது! ஆனால் அந்த எளிய சட்டியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வெளியே வருவதெல்லாம் அதிசயம்!

நாம் பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸ், பஞ்சாபிகளின் ராஜ்மா, மெக்சிகோவின் கறுப்புப் பயறு மூன்றும் ஒரே தாவர இனம் என்று தெரியுமா? பெயர் ஃபேசியோலஸ் வல்காரிஸ். பிஞ்சில் பறித்தால் பொரியல், முற்றிக் காய்ந்தால் பயறு! 1492-இல் கொலம்பஸ் கப்பல் அமெரிக்கக் கரையைத் தொடும்வரை இந்தியாவில் ஒருவர்கூட இதை ருசித்ததில்லை!

இந்தக் காட்டுக்கொடியை மனிதன் ஒரு முறை அல்ல, இரண்டு முறை பழக்கியிருக்கிறான், தெரியுமா? மெக்சிகோப் பக்கம் ஒரு முறை, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தனியாக இன்னொரு முறை! இரண்டும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலே நடந்தவை!

1,400 ஆண்டுப் பழைய பயறைப் பார்த்திருக்கிறீர்களா? மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் ஓர் எரிமலை பொங்கி, ஹோயா தெ செரென் என்ற உழவர் கிராமத்தையே சாம்பலால் மூடிவிட்டது. 1976-இல் புல்டோசர் மண்ணைத் தள்ளும்போதுதான் அந்த ஊர் வெளிப்பட்டது. ஊர்க்காரர்கள் ஓடித் தப்பியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பானையில் போட்டு வைத்த பயறு பானையிலேயே இருந்தது! 1993 முதல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

மெக்சிகோ சிட்டியும் நம் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் நம்புவீர்களா? இரண்டுமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர்! அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எத்தனை விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் சூடு அதற்கு மேல் ஏறாது! அதனால் பயறு மணிக்கணக்கில் வேகும். அங்கே குக்கருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று இப்போது புரிகிறதா?

சட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன ஊற்றுவார்கள்? வெந்நீர் மட்டும்தான்! பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மெக்சிகோப் பாட்டிமார் விடமாட்டார்கள். பயறு வேகும்வரை உப்பும் போடக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆனால் விஞ்ஞானம் சொல்வது வேறு! உப்பிலுள்ள சோடியம், பயற்றுத் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. உப்புத் தண்ணீரில் ஊறிய பயறு, தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும்! உண்மையான வில்லன் யார் தெரியுமா? புளிப்பு! தக்காளியையோ எலுமிச்சையையோ முதலிலேயே போட்டால் பயறு வேகவே அடம்பிடிக்கும்.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். வேகாத சிவப்பு ராஜ்மா நான்கைந்து போதும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர! காரணம், ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம். பச்சையாக இருக்கும்போது அதன் அளவு 20,000 முதல் 70,000 அலகு. நன்றாக வெந்தபின் வெறும் 200 முதல் 400! இன்னும் திடுக்கிட வைப்பது எது தெரியுமா? 80 டிகிரியில் அரைவேக்காடாக விட்டால், நச்சு பச்சைப் பயற்றில் இருந்ததைவிட 5 மடங்குவரை கூடலாம்! அதனால் மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் ராஜ்மாவை நேரடியாகப் போடவே வேண்டாம். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் கணக்கு இது.

எந்த ஊரில் எந்தப் பயறு? வடக்கே புள்ளி போட்ட பின்டோ, தெற்கிலும் வளைகுடாக் கரையிலும் கறுப்பு! ஒவாஹாகாவில் கறுப்புப் பயறுக்குள் வாட்டிய அவகாடோ இலையைப் போடுவார்கள், சோம்பு மணம் கமகமக்கும்! யுகட்டானில் திங்கட்கிழமை என்றால் பன்றிக்கறியும் பயறும்தான், அது ஊர் வழக்கம்! பல வட்டாரங்களில் இறக்கும் நேரத்தில் எபாசோட்டே என்ற காரநெடிக் கீரையைக் கிள்ளிப் போடுகிறார்கள். எதற்கு? வாயுத் தொல்லைக்குத்தான். நம் வீட்டுப் பெருங்காயத்தின் வேலை அங்கே அதற்கு!

அந்தப் பன்றிக்கொழுப்பு மெக்சிகோவுக்கே புதுசு என்று தெரியுமா? 1519-இல் ஸ்பானியர் வந்து இறங்கும்வரை அங்கே வீட்டுப் பன்றி கிடையாது! மேலே தூவும் கொத்தமல்லியும் அவர்கள் கப்பலில் வந்ததுதான்! அங்கிருந்து நமக்கு வந்தவை எவை? மிளகாய், தக்காளி, மக்காச்சோளம்!

மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயற்றிலோ நிறைய! சோள ரொட்டியான டொர்டியாவுடன் பயறைச் சேர்த்தால் புரதம் நிறைவாகிறது. தட்டில் மட்டுமா இந்த ஜோடி? வயலிலும்தான்! சோளத்தண்டைப் பற்றிப் பயற்றங்கொடி ஏறும். அதன் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். கீழே பரங்கிக்கொடி படர்ந்து களையை அடக்கும். 'மில்பா' என்ற இந்த முறை எந்த வேளாண் கல்லூரியும் தோன்றுமுன் உழவர்களே கண்டுபிடித்தது! 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலுக்குப் பட்டியலில் இடம் தந்தபோது மில்பாவும் அதில் சேர்ந்தது!

மரபணுவுக்கு 'ஜீன்' என்று பெயர் வைத்த டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் யொஹான்சென், எதை எடைபோட்டு ஆராய்ந்தார் தெரியுமா? இதே பயறைத்தான்! அந்தச் சொல் பிறந்த ஆண்டு 1909.

கடைசியாக ஒன்று. குதிக்கும் பயறு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலுள்ள ஆலமோஸ் ஊர் இதற்குப் பேர்போனது. ஆனால் அது பயறே அல்ல, ஆமணக்குக் குடும்பத்துப் புதர் ஒன்றின் காய்த்துண்டு! உள்ளே குடியிருப்பது ஒரு புழு. கைச்சூடு பட்டால் போதும், புழு துள்ளும், காயும் சேர்ந்து குதிக்கும்! பல மாதங்கள் அதற்குள்ளேயே வாழ்ந்துவிட்டு, ஒருநாள் ஓட்டையைத் திறந்துகொண்டு அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும்!